ஊர் தாண்டக் கூடாத நாட்கள்

பங்குனி மாதத்து விடியற்காலை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குளிர்தான். வெயில் கொளுத்தும் மாதம் அது. ஆனாலும் விடிவதற்கு முன்னால் அம்மா என்னை எழுப்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, தலையோடு ஊற்றும்போது பல் கிட்டிக்கும். ஈரப் பாவாடை காலில் ஒட்டிக்கொள்ள, மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு கொத்து வேப்பிலை போட்ட சொம்பை ஏந்திக்கொண்டு, பாதித் தூக்கத்தில் நடப்பேன். முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும் மங்கலாகத் தெரியும். சந்துகளிலிருந்து இன்னும் சில முதுகுகள் வந்து சேர்ந்துகொள்ளும். யாரும் பேசமாட்டார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் நட்டிருக்கும் கம்பத்தின்மேல் ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது கிழக்கே வெளுத்திருக்கும். நடந்துகொண்டே தூங்கினேனா, தூங்கிக்கொண்டே நடந்தேனா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் இருக்கிறது. பூச்சாட்டு என்றால் திருவிழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று கவையாகக் கிளைத்த ஒரு மரத்தை வெட்டி வந்து அம்மனுக்கு எதிரே நட்டுவிடுவார்கள். அதுதான் கம்பம். அதைப் பிடுங்கி எடுக்கும் வரைக்கும் ஊருக்கு ஒரு விதி உண்டு. பூச்சாட்டிய ராத்திரி எல்லைக்குள் படுத்துத் தூங்கியவர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் ஊரில் அம்மை இறங்கும் என்பது நம்பிக்கை. அதனால் விருந்தாளிகள் பூச்சாட்டு அன்றைக்குச் சாயங்காலமே மூட்டை கட்டிவிடுவார்கள்.

அந்த வருஷம் அம்மாவின் தம்பி அப்படி மாட்டிக்கொண்டார். மாமா திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். போர்வெல் போட மாசக்கணக்கில் வடக்கே போய்விடுவார். அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். விழித்தபோது கோயிலில் பூச்சாட்டி முடித்து, கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. வண்டிக்காரர்கள் ஜார்க்கண்டில் காத்துக்கொண்டு தினமும் போன் செய்தார்கள். "சாமி குத்தம் ஆயிருமுங்கறாங்கடா, நான் என்ன பண்றது" என்று சலித்துக்கொள்வார். போனை வைத்துவிட்டு அக்கா கையால் இன்னொரு தோசை கேட்பார்.

எங்களுக்குக் கோழிப்பண்ணை இருந்தது. முட்டைக்கோழிகள். பண்ணையின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறையில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கியிருந்தது. புருஷன், பெண்டாட்டி, என் வயதில் ஒரு பெண். அவள் பெயர் ஜமுனா. தீவனம் வைப்பது, முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது, கோழிக் கொட்டகையைக் கூட்டுவது எல்லாம் அவளுடைய அப்பாவும் அம்மாவும்தான். அவர்களுக்குத் தமிழ் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. ஜமுனாவோ என்னுடன் ஒரே வகுப்பில் படித்தாள். நாங்கள் 'ங்க' போடும் இடத்தில் அவள் இரண்டு 'ங்க' போடுவாள்.

கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஜமுனாவுக்குக் கொள்ளை ஆசை. முந்தின வருஷம் நான் அத்தைமார்களிடம் கேட்டும் பார்த்தேன். "அவங்க வெளியூர்க்காரங்க சாமி. இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிருவாங்க. அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிவிட்டார்கள். கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் நிற்காதே என்று சொல்வதுபோல அன்பாகத்தான் சொன்னார்கள். அந்தத் திருவிழா முழுக்க அவள் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, நாங்கள் ஈரத்தோடு திரும்பி வருவதைப் பார்த்தாள்.

மாமா மாட்டிக்கொண்ட வருஷம், பூச்சாட்டிக் கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் ஜமுனாவின் அப்பா எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். பின்னால் அவருடைய மனைவி. அவர் வேகவேகமாக எதையோ சொன்னார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவைக் கூப்பிட்டார். மாமா தன் இந்தியைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா? லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "மா? பீமார்?" என்றார். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு, பின்னால் கையைக் காட்டி இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் மாமா எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"அவங்கம்மாவுக்கு சீரியஸ்ஸுங்க மச்சான். பொழைக்கறது கஷ்டமாட்ட இருக்குது. மூணு பேரும் ஊருக்குப் போகோணுங்கறான்."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. அவர் இரக்கமில்லாதவர் அல்ல. ஆனால் இதற்கு முன்னால் இருந்த இரண்டு குடும்பத்தாரும் இப்படித்தான் ஊருக்குப் போனார்கள், திரும்பி வரவே இல்லை. கோழிகள் யாருக்காகவும் முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூச்சாட்டியாச்சே, ராத்தங்கக் கூடாதே" என்றார். பூச்சாட்டு விதியில் அப்பாவுக்கு அவ்வளவு பக்தி இருந்து அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் மூன்று பேரும் பைகளோடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பாதி ஊர் அங்கே கூடிவிட்டது. ஊர்க்கவுண்டராக இருந்த பெரியப்பாவையும் யாரோ கூட்டி வந்திருந்தார்கள். நானும் ஜமுனாவும் ஆலமரத்து விழுதைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடினோம்.

"எல்லைக்குள்ள படுத்துத் தூங்குனவங்க, கம்பம் புடுங்கற வரைக்கும் வெளிய தங்கக் கூடாதுங்க. இது நான் வெச்ச சட்டமில்ல" என்றார் பெரியப்பா.

மேற்குத் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மா அழுகிற குரலில் பேசினாள். அவளுடைய பையனுக்கு இரண்டு நாளாக உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம். "எம்பையன் வேப்பிலை மேல கெடக்கறானுங்க. இவங்க எல்லை தாண்டிப் போயி இன்னும் நாலு ஊட்டுல எறங்குச்சுன்னா ஆருங்க பொறுப்பு?" என்றாள். அவளுக்கு யார் மேலும் பகை இல்லை. பயந்திருந்தாள். கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது.

மாமா மட்டும் விடவில்லை.

"ஏனுங்க பெரிய மச்சான், போன வருசம் இந்தப் புள்ள தண்ணி ஊத்தறேன்னு கேட்டப்ப வெளியூர்க்காரங்கன்னீங்களாமா. இப்ப ஊருக்குப் போறேன்னா உள்ளூர்க்காரங்கறீங்க. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. நானும் வடக்க போயி மாசக்கணக்குல கெடக்கறேன். அங்க அவங்க நோம்பி வந்தா வண்டிய நிறுத்தச் சொல்லுவாங்க, நிறுத்திப்போடுவோம். அதுக்காக எங்கூட்டுல ஒரு சாவுன்னா போகாதேன்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ரொம்ப நேரம் யோசிப்பார். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"செரி. ஆம்பள போயி அவங்கம்மாவப் பாத்துப்போட்டு வரட்டும். பொம்பளையும் புள்ளையும் இங்க இருக்கட்டும். நாளையிலருந்து அவங்க ரெண்டு பேரும் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தட்டும். அவங்களும் ஒரு குடி. ஊட்டு ஆளுக உள்ள இருக்கறப்போ ஒருத்தன் போனது எல்லை தாண்டுனதாகாது."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். அப்பா அவசரமாகத் தலையை ஆட்டினார். அம்மைக்காரப் பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜமுனாவின் அம்மாவுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவுக்குத் தான் ஜெயித்துவிட்ட சந்தோஷம். அவர் தன் இந்தியில் தீர்ப்பை விளக்கினார். நீ போ, இவர்கள் இங்கே, பூஜை, தண்ணீர். கையாலும் காட்டினார். ஜமுனாவின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. அவள் தன் துணிப்பையை அவர் தோளிலிருந்து கழற்றிக்கொண்டு, அவருடைய பையை மட்டும் படியில் ஏற்றி வைத்தாள்.

தண்ணீர் ஊற்றலாம் என்று சொன்னது எங்கள் காதில் விழுந்ததும் நானும் ஜமுனாவும் விழுதை விட்டுவிட்டுக் குதித்தோம். பஸ் கிளம்பிப் போனதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த விடியற்காலைகள் என் சின்ன வயதின் ரொம்ப அழகான நாட்கள். ஜமுனா என் பழைய பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தாள். அவளுடைய அம்மா எங்களுக்குப் பின்னால் வந்தாள். முதல் நாள் அவள் கூட்டத்தின் கடைசியில் தயங்கி நின்றாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். யாரோ அவள் காலில் மஞ்சள் பூசிவிட்டார்கள். இன்னொருத்தி அவளுடைய தலையில் கனகாம்பரம் வைத்தாள். அவள் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி, அவசரமே இல்லாமல், ஒரே சீராக ஊற்றினாள். தண்ணீர் கம்பத்தின் கவையில் விழுந்து மூன்றாகப் பிரிந்து இறங்கியது. அரையிருட்டில் எல்லோரும் ஒரே ஈரத்தில் நின்றார்கள். எது யாருடைய முகம் என்று தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் கம்பத்தைச் சுற்றித் தப்பட்டை அடித்து ஆடுவார்கள். அப்போதும் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். "நம்ம ஊட்டுப் புள்ளையாட்டவே இருக்கறா பாரு" என்று அத்தைமார்கள் பெருமையாகச் சொன்னார்கள். அவளைப் பற்றிய பெருமையா, தங்களைப் பற்றிய பெருமையா என்று கேட்கும் வயது எனக்கு இல்லை.

ஜமுனாவின் அம்மா அழுது நான் பார்க்கவில்லை. முந்தானை முனையில் செல்போனை முடிந்து வைத்திருப்பாள். தண்ணீர் ஊற்றப் போகும்போது மட்டும் அதை அவிழ்த்து, நனையாமல் இருக்க என் அம்மாவிடம் கொடுப்பாள். ஊற்றி முடித்ததும் முதல் வேலையாகக் கையை நீட்டி வாங்கிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் அந்தப் போன் அடித்தது. நானும் ஜமுனாவும் முட்டை அட்டைகளை அடுக்கி வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தோம். அவள் அம்மா போனைக் காதில் வைத்துக் கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கூண்டுகளில் இருந்த கோழிகள் எல்லாம் ஒரு நொடி அடங்கிப்போய், அப்புறம் ஒரேயடியாகக் கத்தின.

அம்மா ஓடி வந்தாள். மாமியார் போய்விட்டாள் என்று நினைத்து, அவள் முதுகைத் தடவி, எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லும் ஆறுதலையெல்லாம் சொன்னாள். ஆனால் அவள் அழுத அழுகை அம்மாவை யோசிக்க வைத்திருக்க வேண்டும். தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு ஜமுனாவைப் பார்த்துக் கேட்டாள்.

"செத்தது உங்கப்பத்தாளா சாமி?"

"இல்லீங்க. எங்க அப்பத்தா நான் பொறக்கறதுக்கு முன்னாலயே செத்துப்போச்சுங்க. இது எங்கம்மிச்சிங்க."

அப்பாவைப் பெற்றவளை அப்பத்தா என்றும் அம்மாவைப் பெற்றவளை அம்மிச்சி என்றும் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஜமுனா அதைப் பிசகில்லாமல் சொன்னாள். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

பெற்ற மகளை நிறுத்திக்கொண்டு மருமகனை அனுப்பியிருக்கிறோம் என்பது அன்றைக்குச் சாயங்காலம்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் அவங்கம்மான்னுதானுங்க சொன்னேன்" என்று முணுமுணுத்தார். அவர் சொன்னது தப்பில்லை. அவன் அம்மாவும் அவங்கம்மாதான், அவள் அம்மாவும் அவங்கம்மாதான்.

"யாரு கண்டா, தமிழ் தெரிஞ்ச அந்தச் சின்னப் புள்ளையும் வாயத் தெறக்கலயே" என்றார் அப்பா.

"நாம கேட்டமாங்க?" என்றாள் அம்மா. அப்பா எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

விஷயம் பெரியப்பாவுக்கும் போனது. அவர் எங்கள் வாசலுக்கே வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. அம்மா செத்த தீட்டோடு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை அவர் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். கடைசியில், "வேணும்னா இப்பக்கூடப் போயிட்டு வரட்டுமுங்க, ஒண்ணும் குத்தமில்ல. ஊர்ல நான் சொல்லிக்கறேன்" என்றார்.

"இனி எங்கீங்க போறது?" என்று கேட்டார் மாமா. அதற்கப்புறம் அவர் யாரிடமும் இந்தி பேசி நான் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து ஜமுனா வரமாட்டாள் என்று தெரிந்ததும் நான் அழுது அமர்க்களம் பண்ணினேன். எனக்கு வந்த கோபமெல்லாம் செத்துப்போன அந்தப் பாட்டி மேல்தான். கம்பம் பிடுங்கும் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?

ஜமுனாவின் அப்பா கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். திருவிழாவும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அம்மை போட்ட பையன் எழுந்து நடமாடினான். அடுத்த பங்குனி வந்தபோது, பூச்சாட்டுக்கு முந்தின நாள், ஜமுனாவின் குடும்பம் கணக்கை முடித்துக்கொண்டு எங்கள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் மனசு கஷ்டம். "ஒரு குடியா எடம் குடுத்து வெச்சிருந்தோம், சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்களே" என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. தீட்டு என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போன அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில், அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனாள். ஜமுனாவையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "மோகனூரு வரைக்கும் போயிட்டு வாரோம். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவோம்" என்று அப்பாவிடம் சொன்னாள். அம்மா எங்கே போவதானாலும் அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

மோகனூரில் காவிரி பாதி மணலாகவும் பாதித் தண்ணீராகவும் கிடந்தது. அக்கரை வெயிலில் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆடியது. சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து காற்றில் பாகு வாசம் வந்தது. எங்கள் பக்கத்தில் யாராவது இறந்துவிட்டால் இங்கே வந்துதான் தலை முழுகுவார்கள். அது எனக்குத் தெரியாது. ஆற்றுக்கு விளையாடக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்னைச் சமாதானப்படுத்தத்தான் என்றுகூட நினைத்தேன்.

நானும் ஜமுனாவும் முழங்கால் தண்ணீரில் விழுந்து புரண்டோம். எங்களைத் தாண்டி, இடுப்பளவு ஆழத்தில் அம்மாவும் அவளுடைய அம்மாவும் நின்றார்கள். பிறகு அம்மா அவள் பக்கம் திரும்பி, "உங்கம்மா பேரென்ன?" என்று கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. அம்மா தன் நெஞ்சைத் தொட்டு, "அம்மா... பேரு?" என்று மறுபடி கேட்டாள். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"துலாரி."

அம்மா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். துலாரி என்று தன் கோணல் உச்சரிப்பில் சொல்லித் தண்ணீரை விட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து அள்ளினார்கள், சேர்ந்து சொன்னார்கள், சேர்ந்து விட்டார்கள்.

அது பெயர் என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்வி என் காதில் விழுந்திருந்தும் பதில் வேறெங்கோ போய் ஒட்டிக்கொண்டது. வடக்கே தண்ணீரைக் கண்டால் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. நானும் இரண்டு கை நிறைய அள்ளி, 'துலாரி' என்று கத்திக்கொண்டே ஜமுனாவின் முகத்தில் அடித்தேன். அவள் ஒரு நொடி திகைத்து நின்றாள். பிறகு அவளும் அள்ளி, 'துலாரி' என்று கத்திக்கொண்டே என்மேல் அடித்தாள். தண்ணீர் வெயிலில் சிதறியது. நாங்கள் மாறி மாறிக் கத்தினோம், சிரித்துச் சிரித்துக் கத்தினோம்.

இரண்டு அம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எங்களை அதட்ட வாயைத் திறந்தாள். ஜமுனாவின் அம்மா அவளுடைய கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பிடித்த கையை விடாமல், ஈரம் சொட்டச் சொட்ட, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் விளையாட்டு அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்து நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.